விஷத்தைப் பாடமாகப் படித்த அகதா கிறிஸ்டி: ஒரு க்ரைம் நாவல் குழந்தையின் உயிரைக் காப்பாற்றியது எப்படி?

க்ரைம் கதை எழுத என்ன வேண்டும்? ஒரு கொலை, நாலைந்து சந்தேக நபர்கள், ஒரு துப்பறிவாளர். மிச்சத்தைக் கற்பனை பார்த்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைப்போம். ஆனால் உலகிலேயே அதிகம் விற்ற நாவலாசிரியர் என்று கின்னஸ் புத்தகம் சொல்லும் அகதா கிறிஸ்டி அப்படி எழுதியவர் இல்லை. எந்த விஷம் எத்தனை அளவில் ஆளைக் கொல்லும், எவ்வளவு நேரத்தில் கொல்லும், உடம்பில் என்ன அடையாளம் விட்டுப்போகும் என்பதை முறையாகப் படித்து, பரீட்சை எழுதி, பாஸ் செய்தவர் அவர்.

அவர் இறந்து 50 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் அவருடைய நாவல்களை வேதியியல் படித்தவர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள். மருத்துவ இதழ் ஒன்று அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறது. அது எப்படி? வாங்க, முதலில் இருந்து பார்க்கலாம்.

யார் இந்த அகதா?

1890 செப்டம்பர் 15, இங்கிலாந்தின் தென்மேற்கில் கடலோர ஊரான டார்க்கியில் பிறந்தார். அப்பா ஃபிரெடெரிக் மில்லர் அமெரிக்கர், அம்மா கிளாரா. வசதியான குடும்பம். வீட்டுக் கடைக்குட்டியான அகதா பெரும்பாலும் வீட்டிலேயே படித்தார். 11 வயதில் அப்பா இறந்துபோனார். அதன் பிறகு குடும்பத்தில் பணக் கஷ்டம் எட்டிப் பார்த்தது.

பியானோ, பாட்டு, புத்தகம் என்று வளர்ந்த கூச்ச சுபாவமுள்ள பெண். அவருடைய அக்கா மேட்ஜ் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை விரும்பிப் படிப்பவர். ஒருநாள் பேச்சுவாக்கில், உன்னால் ஒரு துப்பறியும் கதை எழுத முடியாது என்று அக்கா சீண்டிவிட்டார். அந்தச் சவால் தங்கையின் மனதில் அப்படியே தங்கிவிட்டது. ஆனால் கதைக்கான சரக்கு கிடைக்க ஒரு உலகப்போர் வர வேண்டியிருந்தது.

போர் கற்றுக்கொடுத்த பாடம்

1914-ல் முதல் உலகப்போர் தொடங்கியது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், விமானப்படைப் பிரிவில் இருந்த ஆர்ச்சிபால்ட் கிறிஸ்டியைத் திருமணம் செய்துகொண்டார் அகதா. கணவர் பிரான்ஸ் போர்முனைக்குப் போய்விட, மனைவி டார்க்கி டவுன்ஹாலில் இயங்கிய செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் சம்பளமில்லாத நர்ஸாக வேலை பார்த்தார். காயம்பட்ட வீரர்கள், ரத்தம், உறுப்பு அகற்றும் ஆபரேஷன்கள் எல்லாவற்றையும் பார்த்தார்.

பிறகு அதே மருத்துவமனையில் மருந்து கலக்கும் டிஸ்பென்சரிக்கு மாறினார். அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை இதுதான். இப்போது போல அட்டைகளில் மாத்திரை வரும் காலம் இல்லை அது. டாக்டர் சீட்டு எழுதுவார். அதைப் பார்த்து டிஸ்பென்சரியில் இருப்பவர் பொடியை எடை போட்டு, திரவத்தை அளந்து, களிம்பைக் குழைத்து, மாத்திரையை உருட்டிக் கொடுக்க வேண்டும். ஆர்செனிக், மார்ஃபின், ஸ்ட்ரிக்னைன் எல்லாம் மருந்து அலமாரியிலேயே இருக்கும். சின்ன அளவில் மருந்து, கொஞ்சம் கூடினால் விஷம்.

இந்த வேலையைச் சட்டப்படி செய்ய லண்டன் மருந்தாளுநர் சங்கத்தின் உதவியாளர் தேர்வில் தேற வேண்டும். அகதா படித்தார். 1917-ல் தகுதி பெற்றார். ஆண்டுக்கு 16 பவுண்டு சம்பளம். போர் முடியும் காலம் வரை மொத்தம் சுமார் 3,400 மணி நேரம் அந்த மருத்துவமனையில் உழைத்திருக்கிறார்.

வெடித்துச் சிதறிய காபி மெஷின்

தேர்வுக்குப் படித்தபோது நடந்த ஒரு கூத்து இது. ஆர்செனிக் என்பது பல நூறு ஆண்டுகளாகக் கொலைகாரர்களுக்குப் பிடித்தமான நஞ்சு. நம்மூரில் பாஷாணம் என்போமே, அதுதான். வாசனை இல்லை, பெரிதாக ருசி இல்லை, எலி மருந்து என்று சொல்லிக் கடையில் வாங்கலாம். வாந்தி, பேதி என்று ஆள் இறந்தால் காலரா என்று நினைத்துப் புதைத்துவிடுவார்கள்.

இந்த ஆட்டத்தை மாற்றியவர் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். 1836-ல் அவர் வெளியிட்ட சோதனை, உடல் திசுவில் மிகச் சிறிய அளவு ஆர்செனிக் இருந்தாலும் அதைக் கண்ணாடிக் குழாயில் கரும்படலமாகக் காட்டிக்கொடுத்துவிடும். 1840-ல் பிரான்ஸில் மேரி லாஃபார்ஜ் வழக்கில் இது கோர்ட் வரை போனது. தடயவியல் நச்சியல் என்ற துறைக்கே இதுதான் பெரிய தொடக்கம்.

அகதாவும் டிஸ்பென்சரியில் கூட வேலை பார்த்த தோழியும் இந்த மார்ஷ் சோதனையைச் செய்து பழக நினைத்தார்கள். சரியான கருவி இல்லை. கையில் இருந்த காபி மெஷினையே கருவியாக்கினார்கள். மெஷின் வெடித்தது! நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாடம் மட்டும் மறக்கவில்லை.

பாக்கெட்டில் விஷம் வைத்திருந்த மருந்தாளுநர்

பயிற்சிக்காக ஊரில் இருந்த ஒரு மருந்துக்கடைக்கும் அகதா போவார். அங்கே இருந்த மருந்தாளுநர் ஊரில் பெயர் பெற்றவர். தன் சுயசரிதையில் அகதா அவரை 'மிஸ்டர் பி' என்று மட்டுமே குறிப்பிடுகிறார்.

ஒருநாள் அவர் ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்து வில்லைகளைச் செய்து காட்டினார். கணக்கைப் பார்த்த அகதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. வீரியமான மருந்து, இருக்க வேண்டியதைப் போல 10 மடங்கு. இவரோ பயிற்சிக்கு வந்த இளம்பெண். அவரோ அனுபவஸ்தர். தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னால் ஒப்புக்கொள்ளவே மாட்டார். அப்படியே விட்டால் ஒரு நோயாளிக்கு ஆபத்து.

என்ன செய்தார் தெரியுமா? கால் தடுக்கியது போல நடித்து வில்லைகள் இருந்த பலகையைத் தட்டிவிட்டார். கீழே விழுந்தவற்றைக் காலால் நன்றாக மிதித்தார். மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் புதிதாகச் செய்தார்கள், இந்த முறை சரியான அளவில்.

அதே ஆள் இன்னொரு நாள் பாக்கெட்டில் இருந்து ஒரு கரிய உருண்டையை எடுத்துக் காட்டினார். அது க்யூராரே. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் நஞ்சு. வாயில் போட்டால் பெரிய ஆபத்தில்லை, ரத்தத்தில் கலந்தால் தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுவிடும். அதை ஏன் கூடவே வைத்திருக்கிறார்? அது பாக்கெட்டில் இருந்தால் தனக்கு ஒரு பெரிய சக்தி இருப்பது போலத் தோன்றுகிறதாம். விஷத்தைவிட அந்த மனிதர்தான் அகதாவை அதிகம் பயமுறுத்தினார். பல பத்தாண்டுகள் கழித்து, 1961-ல் 'தி பேல் ஹார்ஸ்' நாவலை எழுதும்போது இவரை நினைத்துக்கொண்டதாக அகதாவே பதிவு செய்திருக்கிறார்.

பயம் அடுத்தவர் செய்யும் தவறு பற்றி மட்டும் இல்லை. களிம்பு ஒன்றைச் செய்து கொடுத்த அன்று நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்தார். கார்பாலிக் அமிலம் ஊற்றி வைத்த மூடியை எங்கே வைத்தோம், அதே மூடியைக் களிம்பு டப்பாவுக்குப் போட்டுவிட்டோமா என்று சந்தேகம். எழுந்து மருத்துவமனைக்கே போய், அந்தக் களிம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்து வைத்த பிறகுதான் நிம்மதி.

முதல் நாவல்: ஒரு பாட்டில் டானிக்

டிஸ்பென்சரியில் சில நாள் வேலை குவியும், சில நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஓய்வு நேரத்தில்தான் அக்காவின் சவால் ஞாபகம் வந்தது. சுற்றிலும் விஷ பாட்டில்கள். அப்போ கொலை எப்படி நடக்கும்? விஷத்தால்தான்!

துப்பறிவாளர் யார்? போருக்குப் பயந்து பெல்ஜியத்தில் இருந்து தப்பி வந்த அகதிகள் டார்க்கியில் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். ஹெர்க்யூல் பொய்ரோ பிறந்தார். 1916-ல் எழுதிய அந்த நாவல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'.

(கதையை இனிமேல் படிக்க நினைப்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம். கொலையாளி யார் என்று சொல்லப்போவதில்லை, எப்படி என்பது மட்டும்தான்.)

அதில் வரும் விஷம் ஸ்ட்ரிக்னைன். நமக்குத் தெரிந்த எட்டி மரத்தின் விதையில் இருக்கும் கடுங்கசப்பு நஞ்சுதான் அது. அந்தக் காலத்தில் மிகச் சிறிய அளவில் சத்து டானிக்கில் சேர்ப்பார்கள். கதையில் ஒரு பணக்காரப் பெண்மணி தினமும் அந்த டானிக்கைக் குடிக்கிறார். அவரிடம் தூக்கத்துக்கான புரோமைடு பொடியும் இருக்கிறது. இரண்டும் கலந்தால் ஸ்ட்ரிக்னைன் படிகமாகி பாட்டிலின் அடியில் தங்கிவிடும். மேலே இருக்கும் மருந்தைக் குடிக்கும்வரை ஒன்றும் ஆகாது. கடைசி டோஸில் மொத்த நஞ்சும் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போகும்.

இது அகதாவின் கற்பனை இல்லை. மருந்து கலப்பவர்கள் இப்படிச் செய்துவிடக் கூடாது என்று பாடப்புத்தகம் எச்சரித்த விஷயம். மருந்து பாட்டிலில் நன்றாகக் குலுக்கிய பிறகு குடிக்கவும் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அடியில் மருந்து தங்கினால் அளவு மாறிப்போகும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. ஒரு டிஸ்பென்சருக்கு அது தினசரி எச்சரிக்கை, கதாசிரியருக்கு அது கதைக்கரு.

பரிசோதித்துப் பாராட்டிய இதழ்

நாவலைச் சில பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. பாட்லி ஹெட் பதிப்பகம் கிட்டத்தட்ட 2 ஆண்டுகள் வைத்திருந்து பிறகு ஏற்றுக்கொண்டது. ஒரு நிபந்தனை போட்டது. கடைசி அத்தியாயத்தில் பொய்ரோ கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்று மர்மத்தை உடைப்பது போல எழுதியிருந்தார். நிஜக் கோர்ட்டில் அப்படி நடக்காது, மாற்றுங்கள் என்றார்கள். மருந்து தெரிந்த அகதாவுக்குச் சட்டம் தெரியாது. மாற்றி எழுதினார். எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி வைத்து பொய்ரோ உண்மையை உடைக்கும் அந்தப் பிரபலமான ஸ்டைல் இப்படித்தான் வந்தது.

1920-ல் அமெரிக்காவிலும் 1921 தொடக்கத்தில் பிரிட்டனிலும் புத்தகம் வெளியானது. முதல் வருமானம் வெறும் 25 பவுண்டு. ஆனால் அதைவிட அவருக்குப் பெருமையாக இருந்தது ஒரு விமர்சனம். மருந்தாளுநர்களுக்கான இதழ் ஒன்று, இந்த நாவலில் விஷம் பற்றி எழுதியிருப்பது சரியாக இருக்கிறது என்று பாராட்டியது. பெயர் தெரியாத ஏதோ ஒரு மர்ம விஷம் என்று கதை விடும் எழுத்தாளர்களுக்கு நடுவே, துறை சார்ந்தவர்களே ஓகே சொன்ன கதை!

விஷங்களின் பட்டியல்

அதற்குப் பிறகு அகதா நிற்கவில்லை. மொத்தம் 66 துப்பறியும் நாவல்கள், 14 சிறுகதைத் தொகுப்புகள். கத்தி, துப்பாக்கி எல்லாம் வரும். ஆனால் துப்பாக்கி பற்றித் தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால் தெரிந்த ஆயுதத்தையே அதிகம் எடுத்தார்.

* 'த்ரீ ஆக்ட் டிராஜடி' (1934): நிக்கோடின்.
* 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்' (1938): இதய நோய்க்குக் கொடுக்கும் டிஜிடாலிஸ் வகை மருந்து.
* 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' (1942): ஹெம்லாக் செடியின் நஞ்சு. சாக்ரடீஸுக்குக் கொடுத்தது அதுதான்.
* 'ஸ்பார்க்ளிங் சயனைடு' (1945): பெயரிலேயே இருக்கிறது.
* 'க்ரூக்கட் ஹவுஸ்' (1949): கண் சொட்டு மருந்து.

ஆமணக்கு விதையில் இருந்து வரும் ரைசின் நஞ்சை 1929-லேயே ஒரு சிறுகதையில் பயன்படுத்திவிட்டார். லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் ஜார்ஜி மார்கோவ் ரைசினால் கொல்லப்பட்டதாக உலகமே பேசியது 1978-ல்.

இதற்கெல்லாம் ஒரு நேர்மையும் இருந்தது. 1930-ல் லண்டனில் க்ரைம் எழுத்தாளர்கள் சேர்ந்து 'டிடெக்ஷன் கிளப்' தொடங்கினார்கள். வாசகரை ஏமாற்றக் கூடாது, தடயத்தை மறைக்கக் கூடாது, யாருக்கும் தெரியாத விஷத்தைக் கடைசியில் கொண்டுவரக் கூடாது என்பதெல்லாம் அன்றைய எழுத்தாளர்கள் பேசிய ஆட்ட விதிகள். அகதா அந்தக் கிளப்பின் ஆரம்ப உறுப்பினர், பின்னாளில் தலைவரும்கூட.

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்றும் சொல்ல முடியாது. 1935 நாவலான 'டெத் இன் தி க்ளவுட்ஸ்'-ல் விமானத்துக்குள் ஊதுகுழல் வரும். நிஜத்தில் அந்தக் குழல் ஆள் உயரத்துக்கு நீளமானது, மறைத்து எடுத்துப் போகவே முடியாது. பின்னர் வந்த நாவல் ஒன்றில் அரியாட்னே ஆலிவர் என்ற எழுத்தாளர் பாத்திரத்தை வைத்து இந்தத் தவறைத் தானே கிண்டல் செய்துகொண்டார்.

காணாமல் போன 11 நாட்கள்

சொந்த வாழ்க்கையிலும் ஒரு மர்மம் உண்டு. 1926-ல் அம்மா இறந்தார். அதே ஆண்டு கணவர் ஆர்ச்சி வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொல்லி விவாகரத்து கேட்டார். டிசம்பர் 3 இரவு அகதா காரில் கிளம்பினார். மறுநாள் கார் மட்டும் சர்ரே பகுதியில் கைவிடப்பட்ட நிலையில் கிடைத்தது. நாடே தேடியது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில்கூட அகதாவின் கையுறையை ஆவியுலகத் தொடர்பாளர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தார். 11 நாள் கழித்து ஹாரோகேட் ஊர் ஹோட்டலில் வேறு பெயரில் தங்கியிருந்தது தெரியவந்தது. என்ன நடந்தது என்று அகதா கடைசிவரை வெளிப்படையாகப் பேசவே இல்லை.

1928-ல் விவாகரத்து. பிறகு தனியாக ரயில் ஏறி பாக்தாத் போனார். இராக்கின் ஊர் அகழாய்வுத் தளத்தில் 1930-ல் தொல்லியலாளர் மேக்ஸ் மாலோவனைச் சந்தித்தார். அதே ஆண்டு திருமணம். இரண்டாம் உலகப்போர் வந்தபோது, புகழின் உச்சியில் இருந்த அகதா மறுபடியும் டிஸ்பென்சரிக்கே போனார். இந்த முறை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனை. புது மருந்துகள், புது ஆபத்துகள் எல்லாம் கற்றுக்கொண்டார்.

தாலியம்: கதையில் இருந்து வார்டுக்கு

1961-ல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் அடுத்தடுத்து பலர் சாகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நோய் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். சூனியம் என்று ஊர் பேசுகிறது. உண்மையில் அது தாலியம். இந்த உலோகத்தின் உப்பு தண்ணீரில் கரையும், ருசி தெரியாது. ஒரு காலத்தில் எலி மருந்தாக விற்றது. பாதிக்கப்பட்டவருக்கு வயிற்று வலி, கை கால் மரத்துப்போவது, மயக்கம் என்று எதைப் பார்த்தாலும் வேறு நோய் மாதிரியே இருக்கும். காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று, கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது. நாவலில் அதைத் தெளிவாக எழுதியிருந்தார் அகதா.

10 ஆண்டுகள் கழித்து சிக்கல் வந்தது. 1971-ல் இங்கிலாந்தின் போவிங்டனில் கிரஹாம் யங் என்பவர், கூட வேலை பார்த்தவர்களுக்குத் தேநீரில் தாலியம் கலந்து கொடுத்தார். இருவர் இறந்தனர். தகனம் செய்யப்பட்ட ஒருவரின் சாம்பலில் தாலியத்தைக் கண்டுபிடித்து தடயவியல் துறை அசத்தியது. அப்போது எழுந்த கேள்வி, இந்த நாவல்தான் கொலைகாரனுக்குப் பாடம் எடுத்ததா என்பது. அதற்கு ஆதாரம் இல்லை. 14 வயதிலேயே, 1962-ல், வேறு விஷங்களைக் குடும்பத்தினருக்குக் கொடுத்துப் பிடிபட்டவர் அவர். ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது. விஷத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதுவது சரிதானா?

பதில் 1977-ல் வந்தது. கத்தாரில் இருந்து 19 மாதப் பெண் குழந்தை ஒன்று லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. கிட்டத்தட்ட நினைவிழந்த நிலை. என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. குழந்தையைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் அப்போது 'தி பேல் ஹார்ஸ்' படித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் முடி கொட்ட ஆரம்பித்ததும் அவருக்குப் பொறி தட்டியது. தாலியமாக இருக்கலாம் என்று டாக்டர்களிடம் சொன்னார். சோதித்தார்கள். தாலியமேதான்! வீட்டில் கரப்பான், எலித் தொல்லைக்கு வைத்த மருந்து குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. சிகிச்சை கொடுத்தார்கள், குழந்தை பிழைத்தது. இதைப் பதிவு செய்த மருத்துவக் கட்டுரையில் அந்த நர்ஸுக்கும் அகதா கிறிஸ்டிக்கும் டாக்டர்கள் நன்றி சொல்லியிருந்தார்கள்.

அந்த நன்றியைப் படிக்க அகதா இல்லை. முந்தைய ஆண்டு, 1976 ஜனவரி 12-ல், 85 வயதில் வாலிங்ஃபோர்ட் வீட்டில் இறந்துவிட்டார். பக்கத்தில் உள்ள சோல்ஸி கிராமத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இதில் நமக்கு என்ன?

க்ரைம் கதை, வெப் சீரிஸ், சினிமா எழுத ஆசைப்படுபவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு அகதா காட்டிய வழி நேரானது. தெரிந்ததை எழுதினார், தெரியாததைத் துறை சார்ந்தவர்களிடம் கேட்டார், தப்பு செய்தால் திருத்திக்கொண்டார். ஒரு மயக்க மருந்து ஊசி போட்டதும் ஹீரோ இரண்டே நொடியில் சரிவது, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஐந்து நிமிடத்தில் வருவது மாதிரியான காட்சிகளை அவர் எழுதியிருக்கவே மாட்டார்.

எழுதாதவர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டில் எலி மருந்து, கரப்பான் மருந்து வைத்திருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வேறு டப்பாவில் மாற்றி வைக்காதீர்கள். தவறிச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால், அந்த மருந்தின் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த நஞ்சு என்று டாக்டருக்குத் தெரிவதுதான் சிகிச்சையின் முதல் படி. ஹேமர்ஸ்மித்தில் அதைச் சொன்னது ஒரு நாவல். உங்கள் வீட்டில் அதைச் சொல்லப்போவது அந்த அட்டைதான்.